‘யாருங்க புகார் குடுத்தது?’ – ஈரோட்டுத் தெரு ஒன்றில் சத்தத்தைக் குறைக்கப் போன அனுபவம்

ஈரோட்டில் பெருந்துறை ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவின் முனையில் என் மருந்துக்கடை இருக்கிறது. பெருந்துறை ரோட்டைத் தெரிந்தவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிகள் நிறைந்த சாலை அது. கோபி, பவானி, காங்கேயம், கொடுமுடி என்று நாலாப்பக்கமிருந்தும் நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். பெருந்துறை வழியாகக் கோவை போகும் பஸ்களும் அதே ரோட்டில்தான் போகின்றன. எங்கள் தெருவுக்குள் ஒரு மாரியம்மன் கோயில், தெரு முடியும் இடத்தில் ஒரு கல்யாண மண்டபம். ஆக, சத்தம் மூன்று பக்கமிருந்தும் வரும்.

இந்தச் சத்தத்தைக் குறைக்க எங்கள் தெருக்காரர்கள் ஏழு பேர் எடுத்த முயற்சியைத்தான் எழுதுகிறேன். எதில் ஜெயித்தோம், எதில் தோற்றோம், ஏன் என்பதை முழுசாகவே சொல்கிறேன். இதே தொல்லையோடு இருக்கும் வேறு ஊர்க்காரர்களுக்கு இதில் ஏதாவது ஒன்று பயன்படலாம்.

ஒரு போன் கால் செய்த வேலை

பங்குனியில் எங்கள் கோயில் நோம்பி, அதாவது திருவிழா. பூச்சாட்டியதிலிருந்து மறுபூஜை வரை பதினைந்து நாள். வேப்பமரத்தில் இரண்டு கூம்பு ஸ்பீக்கர், கோயில் முன்னால் ஆளுயர பாக்ஸ்கள். காலை நாலரைக்கு அம்மன் பாட்டு தொடங்கும், ராத்திரி பதினொன்று, பன்னிரண்டு வரை ஓடும். பிளஸ் டூ பரீட்சையும் அதே மார்ச் மாதத்தில்தான் வருகிறது. தெருவில் அந்த வருடம் மூன்று பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்துவிட்டு அந்த வாரம்தான் வீடு திரும்பியிருந்த பெரியவர் ஒருவரும் இருந்தார். கோயிலிலிருந்து மூன்றாவது வீடு அவருடையது.

ஒரு ராத்திரி யாரோ 100க்குப் போன் செய்துவிட்டார்கள். போலீஸ்காரர் வந்தார், சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். அதோடு போயிருந்தால் நல்லது. “அந்த மூணாவது வீட்டுப் பக்கமிருந்துதான் போன் வந்துச்சுங்க” என்று கூட்டத்துக்கு நடுவில் சொல்லிவிட்டுப் போனார். உண்மையில் போன் செய்தது அந்த வீட்டுக்காரர்கள் இல்லை. ஆனால் மறுநாள் மரத்திலிருந்த ஒரு கூம்பு அந்த வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மாவிளக்கு எடுக்கும்போது அந்த வீட்டம்மாவை யாரும் கூப்பிடவில்லை. நாற்பது வருடமாக அந்தத் தெருவில் மாவிளக்கு எடுத்தவர் அவர். என் கடைக்கு மாத்திரை வாங்க வந்தபோது ஒன்றும் பேசாமல் நின்றிருந்தார். அந்த முகம்தான் என்னை இந்த வேலைக்குள் இழுத்தது.

நம் பக்கத்தில் ஒரு தெரு என்றால் பாதிப்பேர் பங்காளி, மீதிப்பேர் மாமன் மச்சான். சத்தம் போடுகிறவரும் அதைத் தாங்குகிறவரும் ஒரே பந்தியில் சாப்பிடுகிறவர்கள். அதனால் “சத்தம் ஜாஸ்தியா இருக்குதா?” என்று யாரும் கேட்பதில்லை. “யாருங்க புகார் குடுத்தது?” என்றுதான் முதல் கேள்வி வரும். சட்டமோ, நடைமுறையில் பெரும்பாலும் தனி ஒரு ஆள் முன்வந்து புகார் கொடுப்பதை நம்பி நிற்கிறது. இந்த முடிச்சை அவிழ்க்காமல் எந்த டெசிபல் கணக்கும் உதவாது என்பது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது.

நோம்பி முடிந்து ஒரு வாரத்தில் கடை பெஞ்சில் ஏழு பேர் உட்கார்ந்தோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், ராத்திரி டூட்டி பார்க்கும் நர்ஸ் ஒருவர், ஆட்டோ ஓட்டும் தம்பி, இன்ஜினியரிங் படிக்கும் இரண்டு பிள்ளைகள், முன்பு விழாக்களுக்கு ஸ்பீக்கர் வாடகைக்கு விடும் ரேடியோ செட் வைத்திருந்து இப்போது எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் அண்ணன், அப்புறம் நான். சங்கம், பெயர், லெட்டர்பேடு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

செல்போன் அளவும் நாற்பது பக்க நோட்டும்

முதலில் அந்தப் பிள்ளைகள் சட்டத்தைப் படித்துவிட்டு வந்தார்கள். ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 2000இல் வந்தவை. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதிக்கு 65, 55. தொழிற்பகுதிக்கு 75, 70. அமைதி மண்டலத்துக்கு 50, 40. இரவு என்றால் பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை. எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. மூடிய அரங்குகள் தவிர மற்ற இடங்களில் இரவில் ஒலிபெருக்கியும் கூடாது, மேளமும் கூடாது. விழாக் காலங்களுக்கு மாநில அரசு நினைத்தால் வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம், அவ்வளவுதான். 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதையெல்லாம் வலியுறுத்தி விரிவான தீர்ப்புக் கொடுத்தது. பாலியல் வன்முறைக்கு ஆளான 13 வயதுச் சிறுமியின் கூக்குரல், ஒலிபெருக்கிச் சத்தத்தில் யார் காதிலும் விழாமல் போனது அந்த வழக்குக்குக் காரணங்களில் ஒன்று. தமிழாசிரியர் அதை வாசித்துக் காட்டியபோது பெஞ்சில் யாரும் பேசவில்லை.

சட்டம் கையில் இருக்கிறது, அளந்து காட்டினால் போதும் என்று நினைத்தோம். செல்போனில் ஒலி அளக்கும் செயலியை இறக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறினோம். ஒரே இடத்தில் மூன்று போன் மூன்று அளவு காட்டியது. இருந்தாலும் அதையே எடுத்துக்கொண்டு அதிகாரிகளிடம் போனோம். “இது செல்லுல எடுத்ததுங்களா?” என்று கேட்டு ஓரமாக வைத்துவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. அளவீட்டுக்கு முறையாகச் சரிபார்த்த கருவி வேண்டும். விதியில் சொல்லும் 55 என்பதும் ஒரு நொடியில் எகிறும் உச்சம் இல்லை, ஒரு கால அளவுக்கான சராசரி. செல்போன் செயலியை நாம் முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளலாம், சாட்சியாக்க முடியாது.

இன்னொரு தப்பும் செய்தோம். ஆஸ்பத்திரியைச் சுற்றி 100 மீட்டர் தானாகவே அமைதி மண்டலம் என்று நினைத்திருந்தோம். 2017இல் வந்த திருத்தத்தின்படி மாநில அரசு அறிவித்தால்தான் ஓர் இடம் அமைதி மண்டலம் ஆகும். அது தெரியாமல் பேசப் போய், பதில் சொல்ல முடியாமல் நின்றோம். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு நர்ஸ் அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். தேதி, நேரம், எங்கிருந்து வந்த சத்தம், எத்தனை நிமிடம், யாருக்கு என்ன ஆனது. இவ்வளவுதான் எழுதுவது. யார் மீதும் குற்றம் எழுதக் கூடாது என்பது அவர் வைத்த கட்டளை. “4.35, கூம்பு, குழந்தை எழுந்துவிட்டது.” “11.20, மண்டபம், வெடி.” “மதியம் 2.10, பஸ் ஏர் ஹாரன், ஐந்து தடவை.” இரண்டு மாதம் எழுதியதும் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நாங்கள் “எப்பப் பார்த்தாலும் சத்தம்” என்று சொல்லிக்கொண்டிருந்தோம். நோட்டுப்படி பார்த்தால் ஆளை வதைத்தவை நாலைந்து நேரங்கள், மூன்று இடங்கள். கேட்க வேண்டியதும் அதை மட்டும்தான்.

ரேடியோ செட் அண்ணன் சொல்லிக் கொடுத்தது

கோயிலில் வால்யூமைத் திருப்புகிற கை யாருடையது என்று அந்த அண்ணன்தான் முதலில் கேட்டார். நாங்கள் எல்லாரும் கோயில் கமிட்டியை நினைத்தோம். அவர் சொன்னார்: “கமிட்டிக்காரங்க ஆம்ப்ளிஃபையரைத் தொட மாட்டாங்க. செட்டுக்காரப் பையன்தான் வைப்பான். சத்தம் பத்தலைன்னா அடுத்த வருசம் வேற செட்டைக் கூப்பிட்டுருவாங்கன்னு அவனுக்குப் பயம். பக்கத்து ஊர் நோம்பிக்கு அவ்ளோ தூரம் கேட்டுச்சேன்னு நாலு பேர் சொல்லுவாங்கன்னு கமிட்டிக்குப் பயம். ரெண்டு பயமும் சேர்ந்துதான் ராத்திரி பூரா பாடுது.”

ஒலியைப் பற்றியும் அவரிடம் நிறையத் தெரிந்துகொண்டோம். ஆம்ப்ளிஃபையரின் சக்தியைப் பாதியாகக் குறைத்தால் மூன்று டெசிபல்தான் குறையும். காதுக்கு அது பெரிய வித்தியாசமே இல்லை. பாதியாகக் கேட்க வேண்டுமானால் சுமார் பத்து டெசிபல் இறங்க வேண்டும், அதாவது சக்தி பத்தில் ஒரு பங்காக வேண்டும். “சத்தத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க” என்று கெஞ்சி, அவர்களும் கொஞ்சம் கம்மி பண்ணி, நமக்கு ஒன்றும் மாறாமல், கடைசியில் இரண்டு பக்கமும் கோபம்தான் மிஞ்சும். ஆனால் திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஆறு டெசிபல் போய்விடும். கூம்பு, சத்தத்தை ஒரே திசையில் தள்ளித் தூரத்துக்கு எறிவதற்கென்றே செய்தது. அதை மரத்தில் கட்டினால் பந்தலில் நிற்கிற பக்தருக்கு மேலே போய் மூன்றாவது தெருவில்தான் இறங்குகிறது. அதற்குப் பதிலாக நாலு சின்ன பாக்ஸைப் பந்தலுக்குள், ஆள் தலைக்குச் சற்று மேலே, தரையைப் பார்த்துச் சாய்த்து வைத்தால் போதும். கேட்க வேண்டியவருக்குத் தெளிவாகக் கேட்கும், வெளியே பெருமளவு அடங்கும்.

சத்தத்தை எதிர்த்துப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சத்தம் போடும் தொழிலைத் தெரிந்துகொள்வதில்லை. எங்கள் கூட்டத்தில் அந்த அண்ணன் இல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் மனு எழுதிக்கொண்டேதான் இருந்திருப்போம் என்று நினைக்கிறேன்.

தை பிறந்ததும் கமிட்டியைப் பார்க்கப் போனோம். நோம்பிக்கு இரண்டு மாதம் முன்னால். நடுராத்திரி கோபத்தில் பேசுவதும் தை மாதத்தில் டீ குடித்துக்கொண்டு பேசுவதும் ஒன்றல்ல. தெருவில் இருபத்தாறு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்ட கடிதம் கையில் இருந்தது. மூன்றாவது வீட்டுக் கையெழுத்தை மட்டும் நாங்களே வேண்டாம் என்று விட்டுவிட்டோம். இத்தனை பேர் என்றால் “யாருங்க?” என்ற கேள்விக்கு இடமில்லை.

கேட்டது மூன்றுதான். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஸ்பீக்கர் வேண்டாம். மரத்துக் கூம்புகளை இறக்கிவிடுங்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரிகளில் எட்டரைக்கே நிறுத்துங்கள்.

முதலில் எகிறினார்கள். “ஆத்தாளுக்குப் பாட்டுப் போடறதுக்கு எவங்கிட்டக் கேக்கோணும்?” என்றார் ஒருவர். தமிழாசிரியர் பதில் சொல்லவில்லை. ஜமாப்பு, தப்பட்டை மேளங்கள்தான் நோம்பிக்கு உயிர், கோயில் முன்னால் நட்ட கம்பத்தைச் சுற்றி ஆடுவதை நாங்களும் வருடம் முழுக்க எதிர்பார்க்கிறோம், அது பொழுதோடு ஏழு மணிக்கே தொடங்கினால் பிள்ளைகள் முழு ஆட்டத்தையும் பார்க்கலாமே என்று மட்டும் சொன்னார். அப்புறம் கமிட்டியில் இருந்த ஒரு பெரியவர் வாய் திறந்தார். அவர் சொந்த ஊர் வெள்ளோடு பக்கம். வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தைச் சுற்றியிருக்கும் ஊர்களில் பல வருடமாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. “எங்கூருல கொக்கு நாரைக்காகப் பசங்க வெடி இல்லாம இருக்கறாங்க. கம்பி மத்தாப்போட சரி. இங்க மனுசனுக்குப் பத்து மணிக்கு நிறுத்த முடியாதாங்க?” என்றார். எங்கள் ஏழு பேரில் யார் சொல்லியிருந்தாலும் அது எடுபட்டிருக்காது. அவர் சொன்னதால் எடுபட்டது.

அந்தப் பங்குனியில் கூம்பு மரம் ஏறவில்லை. போலீஸ் அனுமதிக் கடிதத்திலேயே ‘பத்து மணி வரை’ என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தார்கள். காலைப் பாட்டு ஆறு மணிக்குத்தான். கம்பம் பிடுங்கிய ராத்திரி பத்தே முக்கால் ஆனது. நோட்டில் எழுதினோம், ஆனால் யாரும் எதுவும் சொல்லவில்லை. மாவிளக்கு அன்று மூன்றாவது வீட்டம்மாவைக் கமிட்டித் தலைவரின் மனைவியே போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்.

பஸ்ஸும் ஏர் ஹாரனும்

இதில் பாதிதான் ஜெயித்தோம். தொடக்கத்தில் பிள்ளைகள் சனிக்கிழமை சாலையோரத்தில் பதாகை பிடித்து நின்றார்கள். அதைப் பார்த்துச் சில டிரைவர்கள் வேண்டுமென்றே அழுத்திவிட்டுப் போனார்கள். சரி, பதாகை வேண்டாம் என்று ஆட்டோத் தம்பி எங்களைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் டிரைவர்களோடு உட்கார வைத்தான்.

ஏர் ஹாரன் பிரேக்குக்காகச் சேர்த்து வைக்கும் காற்றிலேயே ஊதுகிறது. பல சுரத்தில் அலறும் ஹாரன்கள் மோட்டார் வாகன விதிகள் 1989இன்படியே தடை. எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) காட்டப் போகும்போது கழற்றி வைத்துவிட்டு, முடிந்ததும் மாட்டிக்கொள்வது வழக்கம் என்று அவர்களே சொன்னார்கள். ஏன் அடிக்கிறீர்கள் என்றதற்கு ஒரு டிரைவர் சொன்னது: “முன்னாடி வண்டிக்கும் எனக்கும் நாலு நிமிசம். பின்னாடி வண்டி வந்து ஒட்டிட்டா கலெக்‌ஷன் போச்சு. கலெக்‌ஷன் இல்லீன்னா படி இல்லைங்க.” அவரைத் திட்டி என்ன பயன்? ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் அந்த ஹாரனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவரும் அவர்தான். அவர் காதைப் பற்றி யார் கேட்டிருக்கிறார்கள்?

பஸ் நேரத்தை மாற்றுவது எங்கள் கையில் இல்லை. அதனால் கோரிக்கையைச் சுருக்கிக்கொண்டோம். ஆஸ்பத்திரிகள் முன்னால் ‘ஒலி எழுப்பாதீர்’ பலகை வேண்டும், அவ்வளவுதான். பலகை இருந்தால் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 194எஃப் பிரிவின்படி, தேவையில்லாமல் ஹாரன் அடித்தாலோ, தடைப்பலகை உள்ள இடத்தில் அடித்தாலோ முதல் தடவை 1,000 ரூபாய், அடுத்த தடவை 2,000 ரூபாய் அபராதம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். மூன்றாவது மனுவுக்குப் பலகை வந்தது. ஏர் ஹாரன் சோதனையும் ஒருமுறை நடந்தது, சில வண்டிகளில் கழற்றினார்கள். சில வாரத்தில் அவற்றில் பாதி மறுபடி மாட்டிக்கொண்டன. பலகை உள்ள அந்தக் கொஞ்ச தூரத்தில் மட்டும் நிஜமாகவே குறைந்திருக்கிறது. அதைத் தாண்டியதும் பழையபடிதான்.

மண்டபத்தில் தோற்றுவிட்டோம். கோயிலில் ஒரே கமிட்டி, வருடத்துக்கு ஒரு நோம்பி. மண்டபத்தில் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் ஒரு புதுக் குடும்பம், புது டி.ஜே., புது வெடிக்கட்டு. யாரிடம் பேசினாலும் அடுத்த நாள் அவர்கள் அங்கே இருக்க மாட்டார்கள். “வாடகைக்கு விடறதோட சரிங்க” என்கிறார்கள் மண்டபத்தில். பாட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அடித்தொண்டையில் வரும் அந்த சப்-ஊஃபர் அதிர்வு சுவரையும் ஜன்னலையும் தாண்டிப் படுக்கைக்கே வந்துவிடுகிறது. தனியார் இடத்தின் எல்லையில் அந்தப் பகுதிக்கான அளவைவிட ஐந்து டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது என்று விதி இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் போலீசுக்கும் நோட்டின் நகலோடு மனு கொடுத்திருக்கிறோம். புக்கிங் ரசீதில் ‘இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது’ என்று ஒரு வரி அச்சடித்திருக்கிறார்கள். அதைப் பார்த்து நிறுத்தியவர்களை இதுவரை நாங்கள் பார்க்கவில்லை.

தறிக்காரர்கள்

வீரப்பன்சத்திரம் பக்கத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர் ஆட்டோத் தம்பியின் அப்பா. எங்கள் வேலையைக் கேள்விப்பட்டு, “அப்போ எங்க தறியையும் நிறுத்தச் சொல்லுவீங்களா?” என்று கேட்டாராம். இல்லவே இல்லை. அது அவர்கள் சோறு. ஆனால் அந்தக் கேள்வியால் ஒரு நாள் அவரைப் பார்க்கப் போனோம். பேச வேண்டுமென்றால் ஷெட்டுக்கு வெளியே வர வேண்டும். வந்த பிறகும் அவர் கத்தித்தான் பேசினார். வீட்டில் டி.வி. உச்சத்தில் ஓடும், பேத்தி பேசுவது பாதி புரியாது.

இரைச்சலால் வரும் காது கேளாமை இப்படித்தான் தொடங்கும். முதலில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் உள்ள கூர்மையான ஒலிகள் போகும், குழந்தைகள் பேச்சு மங்கும். உள்காதில் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மறுபடி வளராது. காதில் வைக்கும் அடைப்பான்களை என் கடையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். இரண்டு நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டார். “நூல் அறுந்தா சத்தத்துலதானுங்க எங்களுக்குத் தெரியும். இதை வெச்சா தறி பேசறது கேக்க மாட்டேங்குது.” சத்தத்தைக் குறைத்துவிட்டு நூல் அறுவதை மட்டும் கேட்க விடும் அடைப்பான் இருந்தால் வாங்கிக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். இப்போதைக்கு ஷெட்டில் இருக்கும் எட்டுப் பேருக்கும் காது பரிசோதனைக்கு ஏற்பாடு செய்து முடித்திருக்கிறோம். ஆறு பேர் வந்தார்கள்.

நோட்டு இப்போது மூன்றாவது ஓடுகிறது. கோயில் பக்கத்தில் எழுதுவது குறைந்துவிட்டது. இந்த வருடம் பூச்சாட்டுக்கு முந்தின நாள், புதிதாக வந்த செட்டுக்காரப் பையன் பாக்ஸை எல்லாம் பந்தலுக்குள் கட்டிவிட்டு நர்ஸ் அக்காவுக்குப் போன் செய்தான். “அக்கா, உங்க மொட்டை மாடில ஒரு நிமிசம் நில்லுங்க. இப்போ பாட்டு வெக்கறேன், அங்க எப்படிக் கேக்குதுன்னு சொல்லுங்க.” அக்கா மாடியில் நின்று கேட்டார். “பாட்டு கேக்குது கண்ணு, வார்த்தை கேக்கல. இப்படியே வை” என்றார்.